இவிடெயாணோ?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. எழுதிடலாம்னு உக்காருவேன். அப்புறம் ஆபீஸ் வேலை, பனி அள்ளுற வேலைன்னு எதையாவது சாக்கு சொல்லி எந்திரிச்சிடுவேன். உண்மையான காரணம் அதில்ல. அன்னைக்கு நான் பண்ணின முட்டாள்தனத்தை நானே ஊருக்குச் சொல்லணுமேங்கிற தயக்கம்தான்.

முதல்ல கொஞ்சம் முன்கதை. எனக்குச் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளாதான், ஆனா தெருவுல தமிழ்தான் கேக்கும். பொள்ளாச்சியில பி.காம். படிச்சு, பேங்க்ல சேர்ந்து, சுத்திச் சுத்தி இப்போ நியூ ஜெர்சியில ஒரு பேங்க்ல கடன் பிரிவுல உக்காந்து அடுத்தவன் வருமானச் சான்றிதழைச் சரிபார்த்துக்கிட்டு இருக்கேன். தங்கமணிக்கு (எழுத்துல வீட்டம்மாவுக்கு இதுதான் பேரு) உடுமலைப்பேட்டை பக்கம், கோமங்கலத்தை ஒட்டின ஒரு கிராமம். ஒரே பையன், பதிமூணு வயசு. தமிழ் புரியும். பேசச் சொன்னா மட்டும் காசு கேட்ட மாதிரி முழிப்பான்.

இரண்டாவது குழந்தை தத்தெடுப்போம்னு முடிவு பண்ணினது ஒரு பெரிய கதை. அதை இன்னொரு நாள் சொல்றேன். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நிறைய பேர் நினைக்கிற மாதிரி ஆசிரமத்துக்குப் போய் ஒரு குழந்தையைக் கை காட்டித் தூக்கிட்டு வர்ற காரியம் இல்ல இது. 1984-ல, லட்சுமிகாந்த் பாண்டேங்கிற வக்கீல் எழுதின கடிதத்தை வழக்கா எடுத்துக்கிட்டு, உச்ச நீதிமன்றத்துல நீதிபதி பகவதி வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு விதிமுறை வகுத்தார். 1990-ல 'காரா'ங்கிற மத்திய அமைப்பு வந்துச்சு. ஹேக் உடன்படிக்கையை 2003-ல இந்தியா ஏத்துக்கிச்சு. 2022 செப்டம்பர்ல இருந்து தத்தெடுப்பு ஆணையை கோர்ட்டுக்குப் பதிலா கலெக்டரே கொடுக்கறார்.

குழந்தையோட வயசைக்கூட நாம தேர்ந்தெடுக்க முடியாது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் வயசையும் கூட்டிப் பார்ப்பாங்க. எங்க கூட்டுத்தொகை தொண்ணூறைத் தாண்டிடுச்சு. அப்படின்னா நாலு வயசுக்கு மேற்பட்ட குழந்தைதான். வீட்டுக்கடனுக்கு வயசு வரம்பு சொல்லிச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! எனக்கும் ஒரு நாள் வந்துச்சு :-)

இந்தப் பக்கம் அமெரிக்காவுலயும் ஒரு வண்டி காகிதம். வீட்டுக்கு வந்து ஆய்வு, கைரேகை, ஐ-800ஏ படிவம், அப்புறம் ஐ-800 படிவம். ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. கடைசியில 2024 ஜனவரி முடியற நேரத்துல கேரளாவுல ஒரு இல்லத்துல எங்க பொண்ணைக் கையில கொடுத்தாங்க. அஞ்சரை வயசு. மலையாளம் மட்டும்தான் பேசுவா. அவ பேரையும் படத்தையும் எங்கேயும் போட மாட்டேன். அது சட்டம்கிறது ஒரு பக்கம். இன்னொரு காரணம் கீழே வருது.

கலெக்டர் ஆணை வந்தாச்சு, காராவோட சான்றிதழும் வந்தாச்சு. பாஸ்போர்ட்டும் விசாவும்தான் பாக்கி. அதுவரைக்கும் மாமியார் வீட்டுல தங்கல். பாப்பா ரொம்பச் சமத்து. சாப்பிடுன்னா சாப்பிடுவா, தூங்குன்னா தூங்குவா. அழுகையே கிடையாது. "இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததே இல்ல சாமி"ன்னு மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசிட்டாங்க. எங்களுக்கும் பெருமைதான். ஒரே ஒரு விஷயம். இல்லத்துல இருந்து வரும்போது கொண்டு வந்த நீலக் கலர் ஸ்கூல் பையை எங்கே போனாலும் முதுகுல மாட்டிக்குவா. ரெண்டு கவுன், ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு சீப்பு, தலையில்லாத ஒரு பொம்மை. இவ்வளவுதான் உள்ளே. குழந்தைங்கன்னா அப்படித்தானேன்னு விட்டுட்டோம்.

வீட்டுலயே எத்தனை நாள் அடைஞ்சு கிடக்கறது? "ஒரு நாள் மூணாறு போயிட்டு வந்துடலாம்"னு ஐடியா கொடுத்த புத்திசாலி நான்தான். பையனுக்கு ஊர் சுத்திக் காட்டின மாதிரி ஆச்சு, பாப்பாவும் வெளியே பார்த்த மாதிரி ஆச்சு, நாலு நல்ல படம் எடுத்து ஆல்பம் போட்ட மாதிரியும் ஆச்சு. ஒரே செலவுல மூணு வரவு!

காலையில ஆறு மணிக்கு இன்னோவா வாசல்ல வந்து நின்னுச்சு. கோமங்கலத்துல இருந்து உடுமலை போற வழியெல்லாம் காத்தாடிங்கதான். அங்கே வீசுற காத்தே எங்க பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்றதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த ஒரு இடத்துலதான் முப்பது, நாப்பது கிலோமீட்டருக்கு வழி விட்டு நிக்குது. பையன் காத்தாடியை எண்ண ஆரம்பிச்சான். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பாப்பா திரும்பிப் பார்த்து "நாலு"ன்னா. அவனுக்கு ஒரே ஆச்சரியம். "அப்பா, அவளுக்குத் தமிழ் தெரியும்!" மலையாளத்துலயும் நாலு நாலுதான்டா மகனே. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்ட முதல் பேச்சே அதுதான். உடுமலை போறதுக்குள்ள முப்பத்தாறு எண்ணிட்டாங்க.

மலை அடிவாரத்துல ஒரு டீக்கடையில வண்டியை நிறுத்தினோம். டிரைவர் சாவியைத் திருப்பின உடனே பாப்பா பையை மாட்டிக்கிட்டு என்னைப் பார்த்துக் கேட்டா:

"இவிடெயாணோ?"

இங்கேயான்னு கேக்கறா. நான் சித்தூர்க்காரனாச்சே, மலையாளம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. சிரிச்சுக்கிட்டே, "அல்ல மோளே, கொறச்சு கூடி போணும்"னு பதில் சொன்னேன். இன்னும் கொஞ்சம் போகணும்னு அர்த்தம். அவ தலையை ஆட்டிட்டுப் பேசாம உக்காந்துக்கிட்டா. பாலைக் குடிக்கலை.

அடுத்தது எல்லையில ஒரு சோதனைச் சாவடி. வழக்கமா எட்டிப் பார்த்துட்டு விட்டுடுவாங்க. அன்னைக்கு ஒருத்தர் பாப்பாவை உத்துப் பார்த்தார். நாங்க தமிழ் பேசறோம், பையன் இங்கிலீஷ் பேசறான், இந்தக் குழந்தை மட்டும் மலையாளம். சந்தேகம் வரத்தானே செய்யும்? குனிஞ்சு பாப்பாகிட்ட மெதுவா, இவங்க யாரு மோளேன்னு கேட்டார்.

"அங்கிள்"ன்னா பாப்பா.

எனக்கு வேர்த்துடுச்சு. நல்லவேளை, இருபது வருஷ பேங்க் உத்தியோகம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான்: ஃபைல் இல்லாம வீட்டு வாசப்படி தாண்டாதே. பச்சைக் கலர் ஃபைலை எடுத்து நீட்டினேன். கலெக்டர் ஆணை, காரா சான்றிதழ், எங்க பாஸ்போர்ட் எல்லாத்தையும் அவர் நின்னு நிதானமா ஒவ்வொரு பக்கமா படிச்சார். கடைசியில, "கேட்டதைத் தப்பா எடுத்துக்காதீங்க சார்"னார். தப்பே இல்லைங்க. ஒரு காலத்துல சென்னையில தெருவுல தூங்கின ஏழைங்க குழந்தைகளைத் தூக்கிட்டுப் போய், பொய்க் காகிதம் தயார் பண்ணி வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்தது 2005-ல வெளியே வந்து நாறினதை நாம மறக்கலாமா? ஒவ்வொரு சாவடியிலும் இப்படி ஒருத்தர் இருந்திருந்தா எத்தனை தாய்மாருங்க அழாம இருந்திருப்பாங்க.

ஆனா ஒண்ணு. அவர் ஃபைலைப் படிச்சுக்கிட்டு இருந்த அந்தப் பத்து நிமிஷமும் பாப்பா பையை மாட்டிக்கிட்டு, கதவுக்குப் பக்கத்துல தயாரா உக்காந்திருந்தா. வண்டி திரும்பக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்தா. "இவிடெயல்ல?" "அல்ல மோளே, இனியும் தூரமுண்டு." இன்னும் தூரம் இருக்குன்னு எவ்வளவு உற்சாகமா சொன்னேன் தெரியுமா!

சின்னாறு காடு வேற மாதிரி. கேரளான்னா மழைன்னு நினைக்கிறவங்க ஒரு தடவை அங்கே போகணும். மலையோட மழை மறைவுப் பக்கம், முள்ளுக்காடு. நட்சத்திர ஆமை, சாம்பல் மலை அணில் எல்லாம் இருக்கற இடம். கேரளாவுல கிழக்கே பார்த்து ஓடற ஆறு மூணே மூணுதான். கபினி, பவானி, பாம்பாறு. இந்தப் பாம்பாறுதான் தூவானம் அருவியா விழுந்து, நம்ம அமராவதிக்கு வந்து சேருது. அருவி தூரத்துல வெள்ளைக் கோடா தெரியற வளைவுல வண்டியை நிறுத்திப் படம் எடுத்தோம். பாப்பா மறுபடியும் கேட்டா. நான் மறுபடியும் அதே பதிலைச் சொன்னேன்.

மறையூர்ல, ரோட்டை ஒட்டிச் சந்தன மரங்களுக்கு வேலி போட்டு வச்சிருக்காங்க. கோவில்கடவு பக்கம் கரும்பும் வெல்ல ஆலையும். மறையூர் சர்க்கரைக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அச்சுல வார்க்கறதில்ல, சூடா இருக்கும்போதே கையால உருட்டறாங்க. ஆலைக்காரர் பசங்களுக்கு ஆளுக்கொரு உருண்டை கொடுத்தார். பையன் அங்கேயே தின்னுட்டான். பாப்பா ஒரு கடி கடிச்சுட்டு, மிச்சத்தைக் காகிதத்துல சுத்திப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. "சேர்த்து வைக்கற புத்தி பாரு, உங்களை மாதிரியே"ன்னு தங்கமணி சிரிச்சாங்க.

பக்கத்துலயே முனியறைங்க இருக்கு. நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடி வச்ச, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின ஈமச் சின்னங்கள். பாப்பா அந்தக் கல்லறையைக் குனிஞ்சு உள்ளே பார்த்தா. இருட்டு. என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவான குரல்ல, "இவிடெயாணோ?"

நான் அப்பவும், "அல்ல மோளே, மூணாறுலாணு"ன்னேன். இங்கே இல்ல, மூணாறுல!

இப்போ இதை எழுதும்போது கை கூசுது.

அடுத்தது ராஜமலை. வரையாடு காட்டறேன்னு பையன்கிட்ட நியூ ஜெர்சியில இருந்தே பில்டப் கொடுத்து வச்சிருந்தேன். இரவிகுளம் தேசியப் பூங்கா, ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம்னு வண்டியில ஒரே விரிவுரை. போனா கேட் பூட்டியிருக்கு. வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்சுல வரையாடுங்க குட்டி போடற சமயத்துல பூங்காவை மூடிடுவாங்களாம். பூங்கா பேரு, மலை உயரம் எல்லாம் தெரிஞ்சு வச்சிருந்த எனக்கு அது மட்டும் தெரியாமப் போச்சு. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையைப் பத்தி எழுத வேண்டாம்.

ஏன் மூடியிருக்குன்னு பாப்பா கேட்டா. அன்னைக்கு அவ கேட்ட முதல் வேற கேள்வி. குட்டி போட்டிருக்குல்ல, ஆளுங்க கூட்டமா வந்து பார்த்தா அம்மாவும் குட்டியும் பயப்படும், அதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சொன்னா: "ஞங்ஙளெ காணான் ஆள்கார் வருமாயிருந்நு."

எங்களைப் பார்க்க ஆளுங்க வருவாங்க.

பிறந்தநாள்னா இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டு போறதும், பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சுப் படம் எடுத்துக்கறதும் நம்ம ஊர்ல வழக்கம்தானே. நானே எங்க பையன் பிறந்தநாளுக்கு ஒரு தடவை பண்ணியிருக்கேன். கழுத்துல தொங்கின கேமராவைக் கழட்டி டேஷ்போர்டுக்குள்ள வச்சேன். படம் போட மாட்டேன்னு சொன்னேனே, அதுக்கு இதுதான் காரணம்.

மத்தியானம் மூணாறு டவுன்ல சாப்பிட வண்டியை நிறுத்தினோம். 1956-ல மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போ தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போச்சு. ஆனா தேயிலைத் தோட்டத்துச் சனம் தமிழ்ச் சனம். கடைத்தெருவுல கேக்கற தமிழைக் கேட்டா நம்ம பக்கத்து டவுன்ல இறங்கின மாதிரியே இருக்கும். நான் அந்தச் சந்தோஷத்துல இருக்கேன். இன்ஜின் நின்னுச்சு. பையை மாட்டினா. கேட்டா.

நான் "ஆமா, மூணாறு வந்தாச்சு, இவிடெத்தன்னெ!"ன்னு சொல்ல வாயைத் திறக்கறேன். பையன் என் கையைப் பிடிச்சான்.

"அப்பா, அவ என்ன கேக்கறா?"

"இங்கேயான்னு கேக்கறாடா."

"இன்ஜின் ஆஃப் பண்ணும்போது மட்டும்தான் கேக்கறா. கேக்கறதுக்கு முன்னாடி பையை மாட்டிக்கறா. நீங்க இல்லைன்னு சொன்னா வெளியே பார்க்கவே மாட்டேங்கறா. அவ ஊர் பார்க்கறதைப் பத்திக் கேக்கலைப்பா."

அவனுக்கு மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. நான் பிறந்ததுல இருந்து கேட்ட பாஷை அது.

தங்கமணி அவ பக்கத்துல போய் உக்காந்தாங்க. அவங்களுக்கு மலையாளம் அரைகுறைதான். நான்தான் கேட்டேன், எது இங்கேயா மோளேன்னு. பாப்பா அழலை. ரோடு எங்கேன்னு விசாரிக்கற மாதிரி சாதாரணமா கேட்டா:

"என்னெ விடுந்நது இவிடெயாணோ?"

என்னைய விடறது இங்கேயா?

அஞ்சரை வயசுக்குள்ள அவ ரெண்டு இடம் மாறியிருக்கா. ரெண்டு தடவையும் யாரோ ஒரு அங்கிள், ஒரு ஆன்ட்டி, ஒரு கார். நல்ல கவுன் போட்டு விடுவாங்க, வழியில மிட்டாய் வாங்கிக் கொடுப்பாங்க. இன்ஜின் நிக்கும். பையை எடுத்துக்கோன்னு சொல்லுவாங்க. அப்புறம் அந்தக் கார் திரும்பி வராது. இதெல்லாம் அவ குறிப்பேட்டுல எனக்குப் படிக்கக் கொடுத்ததுதான். தேதி வாரியா, கையெழுத்தோட. படிச்சேன், சரிபார்த்தேன், ஃபைல்ல போட்டேன். பேங்க்காரன் படிக்கற மாதிரியே படிச்சிருக்கேன். அன்னைக்குக் காலையில இருந்து ஆறு தடவை இந்தக் குழந்தை, "என்னைய இங்கே விடப் போறீங்களா?"ன்னு கேட்டிருக்கு. நான் ஆறு தடவையும் "இங்கே இல்ல, இன்னும் கொஞ்ச தூரத்துல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கேன்.

எங்கேயும் விட மாட்டோம், ராத்திரி அமுச்சி வீட்டுக்கே திரும்பப் போறோம்னு சொன்னேன். தலையை ஆட்டினா. அவ எதுக்குத்தான் தலையை ஆட்டலை? சமத்துன்னு நாங்க நினைச்சது சமத்தே இல்லைங்க. விருந்தாளி வீட்டுல இருக்கற அடக்கம் அது.

மாட்டுப்பெட்டி அணை, டாப் ஸ்டேஷன் எல்லாத்தையும் ரத்து பண்ணினோம். சாப்பிட்ட கையோட வண்டியைத் திருப்பியாச்சு. திரும்பற வழியில நான் ஒரு வேலைதான் பண்ணினேன். ஒவ்வொரு இடமா காட்டிக்கிட்டே வந்தேன். இதோ ஆட்டுக்குட்டி கேட். இதோ வெல்லம் கொடுத்த மாமா கடை. இதோ அருவி. இதோ போலீஸ் மாமா. வந்த வழியேதான் போறோம், பாரு. பாப்பா எதுவும் பேசலை. பை முதுகுலயேதான் இருந்துச்சு. நேரா உக்கார முடியாம முன்னாடி சரிஞ்சே உக்காந்திருந்தா.

உடுமலை தாண்டும்போது பொழுது சாயற நேரம். பையன் சும்மா இருக்காம, "முப்பத்தாறு"ன்னான். அடுத்த காத்தாடிக்கு "முப்பத்தஞ்சு." பின்னாடி இருந்து முன்னாடி எண்ணறான். பாப்பாவுக்கு அவ்வளவு பெரிய எண்ணைத் தலைகீழா சொல்ல வராது. ஆனா ஜன்னல் பக்கம் திரும்பினா. பத்து வந்தப்போ அவளும் சேர்ந்துக்கிட்டா. ஒம்பது, எட்டு, ஏழு... 'ஒண்ணு'ன்னு முடிச்ச இடத்துல மாமியார் வீட்டுத் தெரு தெரிஞ்சது. வாசல்ல அமுச்சி நின்னுக்கிட்டு, "வந்துட்டியா சாமி? பொழுதோட வரேன்னுட்டு இவ்வளவு நேரமா?"ன்னு கேட்டாங்க.

பாப்பா அமுச்சியைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா, காரைப் பார்த்தா. இன்ஜின் நின்னுடுச்சு. அவ ஒண்ணும் கேக்கலை. முதுகுல இருந்து பையைக் கழட்டி, அதுக்குள்ள இருந்து அந்த வெல்ல உருண்டையை எடுத்து அமுச்சி கையில கொடுத்துட்டு, திடீர்னு அழ ஆரம்பிச்சா பாருங்க... ஒரு மணி நேரம். நாங்க வந்த பிறகு அவ அழுத முதல் அழுகை. தங்கமணி மடியில படுத்து அழுதுட்டே தூங்கிட்டா.

ஒரே நாள்ல எல்லாம் மாறிடுச்சுன்னு கதை விட மாட்டேன். மறுநாள் ஜெராக்ஸ் எடுக்கப் போனப்பவும் பை வந்துச்சு. நியூ ஜெர்சிக்கு விமானம் ஏறினப்பவும் வந்துச்சு. தத்தெடுத்த பிறகு ரெண்டு வருஷத்துல ஆறு அறிக்கை போகணும். முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒண்ணு, அடுத்த வருஷம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. முதல் அறிக்கைக்கு வந்த சமூக சேவகி, அடம் பிடிக்கறாளா, கத்தறாளான்னு கேட்டாங்க. இப்போ பிடிக்கறா, தம்பட்டம் அடிக்கற மாதிரி கத்தறான்னு வருத்தமா சொன்னேன். அவங்க "நல்லது"ன்னு எழுதிக்கிட்டாங்க. எனக்கு மெதுவாத்தான் புரிஞ்சது.

உங்கள்ல யாராவது இந்த மாதிரி குழந்தையைக் கூட்டிட்டு வரப் போறீங்கன்னா, என் அனுபவத்துல ரெண்டு விஷயம். காத்திருக்கற நாள்ல சுற்றுலாவெல்லாம் வேண்டாம். ஒரே கோயில், ஒரே கடைன்னு போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்க, திரும்பி அதே வீட்டுக்கு வாங்க. காலையில கார் ஏறும்போதே ராத்திரி எங்கே தூங்கப் போறோம்னு குழந்தைகிட்ட சொல்லிடுங்க. அவங்க கேக்கலைன்னாலும் சொல்லுங்க.

2018-ல பிறந்தவ எங்க பொண்ணு. அந்த வருஷம்தான் மூணாறுல நீலக்குறிஞ்சி பூத்துச்சு. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கறது, அடுத்தது 2030-ல. போகலாமான்னு போன வாரம் கேட்டேன். யோசிச்சுட்டு, "எத்தனை நாள்? திரும்பி என்னைக்கு வருவோம்?"னு கேட்டா. தமிழ்லதான். பத்து நாள்னேன்.

"ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்து எடுங்க"ன்னா.

நீலப் பை இப்போ அலமாரி மேல்தட்டுல இருக்கு. தூக்கிப் போடலை. அது அவளோடது, எப்போ போடணும்னு அவளே சொல்லட்டும்.